மீனம்பாக்கத்திலிருந்து திருவல்லிக்கேணிக்கு: பெல்ட் முதல் வாசப்படி வரை

புனேயில் வேலை, திருவல்லிக்கேணியில் வீடு. 2017-இலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது வந்துபோய்க்கொண்டிருக்கிறேன். ஆரம்பத்தில் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கண்ணில் படுகிற வண்டியில் ஏறிவிடுவேன். அப்புறம் ஒரு தீபாவளிக்கு மாமாவோடு வாக்குவாதம். அம்மாவின் தம்பி. முப்பது வருடம் ரயில்வேயில் வேலை பார்த்துவிட்டு, ரயில் என்றாலே முகத்தைச் சுளிக்கிற மனிதர்.

"ஏர்போர்ட்லேர்ந்து டாக்ஸிதாண்டா. முக்கா மணி நேரத்துல வீடு. நீ மெட்ரோவுல வந்து எறங்கி, ஆட்டோக்காரன்கிட்ட பேரம் பேசி முடிக்கிறதுக்குள்ள நான் குளிச்சு சாப்டே முடிச்சிருப்பேன்."

சரி, பார்த்துவிடலாம் என்று அன்றைக்கே போனில் ஒரு பக்கம் திறந்தேன். பெல்ட்டிலிருந்து பெட்டியை எடுக்கும் நிமிடம், வீட்டு வாசப்படியில் செருப்பைக் கழற்றும் நிமிடம், நடுவில் செலவான காசு. இந்த மூன்றை மட்டும் குறிப்பது. இதுவரை 31 வரவுகள். மெட்ரோ 17, ஆப்பில் பிடித்த கார் 8, பிரீபெய்ட் டாக்ஸி 3, புறநகர் ரயில் 2, பேருந்து 1. இதை எழுதுவது அந்தக் கணக்கை வைத்துத்தான்.

முதலில் வீடு இருக்கும் இடத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பாதி முடிவு அதில் இருக்கிறது. பார்த்தசாரதி கோயிலுக்குப் பின்பக்கம், பெரிய தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்து. ஒரு மாடு குறுக்கே நின்றால் சைக்கிள் போகாது. கார் நுழையவே நுழையாது. ஆக, அறுநூறு ரூபாய் கொடுத்து ஏசி காரில் வந்தாலும் கடைசி இருநூறு அடிக்குப் பெட்டியை நான்தான் உருட்ட வேண்டும். மாமாவின் கணக்கில் இந்த இருநூறு அடி வரவே வராது. அவர் வீடு கே.கே. நகரில், போர்டிகோவோடு.

மெட்ரோவைப் பற்றிச் சொல்கிறேன். சின்னமலையிலிருந்து விமான நிலையம் வரையிலான பகுதி திறந்தது 2016 செப்டம்பரில். அதனால் என் முதல் வருடங்களில் மெட்ரோ என்பது பாதி வழிக்குத்தான் துணை. சின்னமலையில் இறங்கி, அண்ணா சாலையில் நின்று பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். 2018 மே மாதம் தேனாம்பேட்டைக்கு அந்தப் பக்கம் ஏஜி-டிஎம்எஸ் வரை நீண்டது. 2019 பிப்ரவரியில் அங்கிருந்து வண்ணாரப்பேட்டை வரை திறந்த பிறகுதான் எங்கள் பேட்டைக்கு மெட்ரோ வந்ததாகச் சொல்ல முடியும். நான் இறங்குவது 'அரசினர் தோட்டம்' நிலையத்தில், ஓமந்தூரார் மருத்துவமனை வாசலில். விமான நிலையத்திலிருந்து கட்டணம் 40 ரூபாய். போனில் க்யூஆர் டிக்கெட் எடுத்தால் 20 சதவீதம் தள்ளுபடி, 32 ரூபாய். பயண நேரம் நாற்பது நிமிடத்துக்குள். மழையானாலும், அமைச்சர் போனாலும், கிண்டியில் லாரி கவிழ்ந்தாலும் அந்த நாற்பது நாற்பதுதான். என் பதினேழு வரவுகளில் ரயில் ஓடிய நேரம் இரண்டு மூன்று நிமிடம்கூட ஏறி இறங்கியதில்லை.

ஆனால் ரயில் ஓடுகிற நேரத்தை வைத்து மெட்ரோவை மதிப்பிடக் கூடாது. முனையத்திலிருந்து நிலையம் வரை நடை இருக்கிறது. அப்புறம் லிஃப்ட், பெட்டிகளை ஸ்கேனரில் போடும் வரிசை, கையை விரித்து நின்று சோதனை, மறுபடி மேலே பிளாட்பாரத்துக்கு. விமானத்தில் ஏறும்போது ஒரு தடவை ஸ்கேன் செய்த பெட்டியை இறங்கியதும் இன்னொரு தடவை ஸ்கேன் செய்வது என்ன நியாயம் என்று முதலில் எரிச்சல் வரும். பழகிவிடும். பெல்ட்டிலிருந்து ரயில் இருக்கையில் உட்காரும் வரை எனக்குச் சராசரியாகப் பதினேழு நிமிடம் ஆகிறது. பெல்ட்டில் எடுக்க வேண்டியது முதுகுப்பை மட்டுமாக இருந்த நாட்களில் பதினொன்று. இரண்டு பெட்டிகளோடு வந்த நாளில் இருபத்தாறு.

இங்கே ஒரு பெரிய ஆறுதல், விமான நிலையம்தான் பாதையின் கடைசி நிலையம். ரயில் காலியாக வந்து நிற்கும், உட்கார இடம் நிச்சயம். கதவுக்கு அருகில், ஓரத்துத் தடுப்பை ஒட்டிய இருக்கை கிடைத்தால் பெட்டியை முழங்காலுக்கும் தடுப்புக்கும் நடுவில் சொருகிவிடலாம். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் ஏறிய மெட்ரோ ரயில்களில் பெரிய சாமான் வைக்கத் தனியாக இடம் இருந்ததில்லை. மீனம்பாக்கம் வரை ரயில் உங்கள் வீட்டு ஹால் மாதிரி இருக்கும். ஆலந்தூரில் கதவு திறக்கும், அப்புறம் ஹால் இல்லை, கல்யாண மண்டபத்தில் முதல் பந்தி. கிண்டியில் இன்னும் ஒரு அலை ஏறும். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் பெரிய பெட்டி வழியில் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. டிபன் கேரியரோடு ஏறிய ஒரு அம்மா, "தம்பி, பெட்டிய உள்ள இழுங்க, இல்லன்னா அது மேல ஒக்காந்துடுவேன்" என்றார். சொன்னபடி நந்தனம் வரை உட்கார்ந்தும் வந்தார். நல்ல பெட்டி, தாங்கியது.

இந்தப் பாதையில் வேடிக்கை பார்க்கிற சுகமும் உண்டு. சின்னமலை வரை மேம்பாலத்தில்தான் ரயில். ஒரு பக்கம் பரங்கிமலை தெரியும், கத்திப்பாரா வளையங்களை மேலிருந்து பார்க்கலாம். அந்த வளையங்களில் ஊர்ந்துகொண்டிருக்கும் மஞ்சள் போர்டு கார்களைப் பார்க்கும்போது எனக்கு மாமா ஞாபகம் வரும். சைதாப்பேட்டையிலிருந்து பூமிக்குள். 2020-இல் நிலையங்களுக்குப் பெயர் மாற்றினார்கள். சென்ட்ரலுக்கு எம்.ஜி.ஆர். பெயர், கோயம்பேடு பேருந்து நிலையத்துக்கு ஜெயலலிதா பெயர், ஆலந்தூருக்கு அண்ணா பெயர். அறிவிப்பில் வருகிற முழுப் பெயரைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் 'சென்ட்ரல்' என்றால் போதும்.

இறங்கிய பிறகு இன்னொரு முனை. அரசினர் தோட்டத்தில் அண்ணா சாலையின் இரண்டு பக்கமும் ஏறலாம். திருவல்லிக்கேணிக்காரர்கள் ஓமந்தூரார் மருத்துவமனைப் பக்கம் ஏற வேண்டும். தப்பான வாசலில் ஏறினால் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் நின்றுகொண்டு, பெட்டியோடு அண்ணா சாலையைக் கடக்கிற வீரச்செயல் செய்ய வேண்டிவரும். வெளியே நிற்கும் ஆட்டோ அண்ணன்கள் பெட்டியின் சக்கரச் சத்தத்தை வைத்தே விலை சொல்வார்கள். ஒன்றரை கிலோமீட்டர் சொச்சத்துக்கு நூற்றைம்பதில் ஆரம்பித்து எண்பதில் முடியும். 2013-இல் அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். அதைச் சொல்லிப் பார்த்தால் சிரிப்பார்கள், நாமும் சேர்ந்து சிரித்துவிட்டு எண்பதைக் கொடுக்கலாம். பகலாக இருந்து, முதுகுப்பை மட்டும் இருந்தால் நான் வாலாஜா சாலை வழியாக நடந்தே வந்துவிடுவேன். வழியில் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் ரத்னா கஃபே. இட்லியைச் சாம்பாரில் மூழ்கடித்துக் கொடுக்கிற அந்தக் கடையில் செலவான இருபது நிமிடத்தைக் கணக்கில் கழித்துவிடுவது என் வழக்கம். மாமா இதைக் கடுமையாக ஆட்சேபிக்கிறார்.

இட்லி நேரம் போக, மெட்ரோவில் என் சராசரி ஒரு மணி பத்து நிமிடம். செலவு நூறு, நூற்றிருபதுக்குள்.

ஒரே ஒரு நாள் மெட்ரோவில் வந்ததற்கு நொந்துகொண்டேன். சேப்பாக்கத்தில் ஐபிஎல் ஆட்டம் இருந்த இரவு. ஆட்ட நாட்களில் மெட்ரோ நேரத்தை நீட்டிப்பார்கள், அது எனக்குச் சாதகம்தான். ஆனால் மைதானத்துக்குப் பக்கத்து நிலையமும் இதே அரசினர் தோட்டம். நான் மேலே ஏற, மஞ்சள் சட்டைக் கூட்டம் மொத்தமும் கீழே இறங்க, நகரும் படிக்கட்டு ஒன்றுதான் எனக்குச் சாதகமாக ஓடியது. விசில் சத்தத்தில் அம்மா போன் செய்தது கேட்கவில்லை. வெளியே வாலாஜா சாலையில் வண்டி விடவில்லை. பெட்டியை உருட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டேகால். தோற்ற ஆட்டம் வேறு. வருகிற நாளில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுவது இப்போது பழக்கம். அதே மாதிரி பிரம்மோற்சவம், வைகுண்ட ஏகாதசி. தேர் நிற்கிற தெருவில் எந்த ஆப்பும் வேலை செய்யாது.

இனி கார். விமானத்தை விட்டு வெளியே வந்தவுடன் வாசலில் கார் வந்து நிற்கும் என்பது பழைய கதை. ஆப்பில் போடுகிற காரில் ஏற, முனையத்துக்கு எதிரே உள்ள பல அடுக்கு வாகன நிறுத்தத்துக்குப் போக வேண்டும். கடைகள், உணவகங்கள், ஐந்து திரைகள் கொண்ட சினிமாவெல்லாம் இருக்கும் கட்டடம் அது. விமான நிலைய வளாகத்துக்குள் சினிமா தியேட்டர் வந்தது நாட்டிலேயே இங்கேதான் முதல், 2023 பிப்ரவரியில். அந்தத் தியேட்டருக்கு யார் போகிறார்கள் என்று ரொம்ப நாள் யோசித்தேன். காருக்குக் காத்திருப்பவர்களாக இருக்கலாம்.

நிஜமாகவே காத்திருக்க வேண்டியிருக்கும். அதிலும் பதினொரு மணிக்கு மேல். அந்த நேரத்தில் மெட்ரோ முடிந்துவிடும், கடைசி ரயிலைக் கோட்டை விட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் போனைத் தட்டுவார்கள், விலை கண் முன்னாலேயே ஏறும். என் கணக்கில் பதிவான மோசமான இரவு: 11.50-க்குப் பெட்டி கையில். 540 என்று காட்டியது 690 ஆகி 760-இல் நின்றது. முதல் ஓட்டுநர் போன் செய்தார்.

"டிராப் எங்க சார்?"

"திருவல்லிக்கேணி."

"கேஷா, ஆன்லைனா?"

"ஆன்லைன்."

ஒரு சின்ன மௌனம். "ரெண்டு நிமிஷம் சார்" என்றார். ரத்து. இரண்டாமவர் அதே இரண்டு கேள்விகள், அதே மௌனம், ஆனால் ரத்து செய்யாமல் அப்படியே நின்றார். நானாக ரத்து செய்தால் அபராதம் எனக்கு விழும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒன்பது நிமிடம் வரைபடத்தில் அந்தக் குட்டிக் கார் ஓர் அங்குலம் நகரவில்லை. மூன்றாமவருக்கு 'கேஷ்' என்று மாற்றிப் போட்டேன், நாலு நிமிடத்தில் வந்துவிட்டார். திண்டிவனத்துக்காரர், காலை ஆறு மணியிலிருந்து ஓட்டுகிறாராம். "ஆன்லைன்ல போட்டா காசு எங்க கைக்கு வர்றதுக்கு லேட் ஆகுது சார், டீசலுக்கு இன்னிக்கே வேணுமில்ல" என்றார். கோபம் வடிந்துவிட்டது. அந்த நேரத்தில் சாலை காலி, கத்திப்பாரா தாண்டி ஜெமினி மேம்பாலம் வர இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் பெரிய தெரு முனையில் வண்டி நின்றுவிட்டது. சந்தில் நாலு நாய்கள், இரவு ஒரு மணிக்குக் கருங்கல் தரையில் பெட்டிச் சக்கரம் போடுகிற சத்தம், எதிர்வீட்டு ஜன்னல் திறந்து "யாருப்பா அது?" மொத்தம் ஒரு மணி பதினெட்டு நிமிடம். கார் ஓடியது அதில் முப்பத்தைந்து.

என் எட்டுக் கார் வரவுகளில் மிக வேகமானது நாற்பத்தெட்டு நிமிடம், ஞாயிறு அதிகாலை. மிக மோசமானது இரண்டு மணி ஐந்து நிமிடம், நவம்பர் மழையில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. சைதாப்பேட்டைக்கும் தேனாம்பேட்டைக்கும் நடுவே மேம்பாலப் பணிக்காகத் தகரம் அடைத்து வைத்திருந்த காலம் அது. அடியில் மெட்ரோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டே மேலே நின்றிருப்பது தனி வேதனை.

அதனால் காரே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு தடவை அப்பாவை முழங்கால் ஆபரேஷன் முடிந்து புனேயிலிருந்து கூட்டிவந்தேன். சக்கர நாற்காலி, அம்மா, மூன்று பெட்டி, ஒரு பை நிறைய மாத்திரை. அன்றைக்கு நான் போனைத் தொடவே இல்லை, நேராக உள்ளேயே இருக்கிற பிரீபெய்ட் கவுண்டர். இடத்தைச் சொன்னால் தொகையைச் சொல்வார்கள், கட்டிவிட்டால் பேரம் கிடையாது, ரத்து கிடையாது, கேஷா ஆன்லைனா கிடையாது. ஆப் காட்டியதைவிட நூற்றைம்பது ரூபாய் அதிகம். அப்பா கால் நீட்டி உட்கார முன் இருக்கையைப் பின்னால் தள்ளிக்கொடுத்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டியை மெதுவாக்கி ஓட்டினார் அந்த ஓட்டுநர். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். "ஐயாவுக்கு எந்தக் கால்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார், அவ்வளவுதான் பேச்சு. அந்த நூற்றைம்பது எனக்குக் கணக்கிலேயே வரவில்லை. பிரீபெய்டில் ஏறுபவர்களுக்கு ஒரு வார்த்தை: ரசீதில் ஓட்டுநருக்கான பகுதியை இறங்கிய பிறகு கொடுங்கள். ஏறும்போதே கொடுத்துவிட்டால் "முனையிலேயே எறங்கிக்குங்க சார்" என்று வரலாம். எனக்கு ஒரு தடவை வந்தது.

புறநகர் ரயிலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விமான நிலையத்துக்கு நேர் எதிரே, ஜிஎஸ்டி சாலைக்கு அந்தப் பக்கம் திரிசூலம் ஸ்டேஷன். சுரங்கப்பாதையில் சாலையைக் கடந்தால் வந்துவிடும். தாம்பரம், செங்கல்பட்டிலிருந்து கடற்கரை போகிற மின்சார ரயில்கள் நிற்கும், டிக்கெட் பத்து ரூபாய்க்குள். 1931-இலிருந்து மின்சாரத்தில் ஓடுகிற தடம் இது. மெட்ரோ அதிகாலை ஐந்து மணிக்குத்தான் கண் விழிக்கும், இது அதற்கு முன்பே ஓட ஆரம்பித்துவிடும். இரண்டு தடவை வந்தேன். எழும்பூரில் இறங்கி ஆட்டோ. ஒரு மணி இருபத்திரண்டு நிமிடம் ஒரு தடவை, ஒரு மணி பதினாறு இன்னொரு தடவை.

எனக்கு இது தோதில்லை, ஆனால் மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம் பக்கம் வீடு இருக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு திரிசூலத்துக்குப் போகலாம். முதல் கட்ட மெட்ரோ தி.நகரைத் தொடவே இல்லை. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கினால் அந்தப் பக்கம் ரங்கநாதன் தெரு. பையோடு அந்தத் தெருவுக்குள் நுழைகிற தைரியம் உங்கள் பாடு. 2025 ஏப்ரலிலிருந்து இதே தடத்தில் ஏசி ரயிலும் ஓடுகிறது, குறைந்தபட்ச டிக்கெட் 35 ரூபாய். ஒரு நாளைக்குச் சில நடைகள்தான், அதை நம்பித் திட்டம் போட முடியாது. கூட்ட நேரத்தில், அதாவது காலை எட்டிலிருந்து பத்தரை வரை, பெட்டியோடு சாதாரண ரயிலில் ஏற முயலவே வேண்டாம். கதவோரம் தொங்குகிறவர்களின் சாபம் பொல்லாதது. ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்புப் பணி என்று பல ரயில்களை ரத்து செய்வார்கள், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பேருந்து ஒரே ஒரு தடவை, மனைவியின் பிடிவாதத்தில். ஜிஎஸ்டி சாலை நிறுத்தம் வரை நடந்து, வந்த சாதாரண பஸ்ஸில் ஏறினோம். விடியல் பயணத்தில் அவளுக்கு டிக்கெட் இலவசம், எனக்கு மட்டும் காசு. அந்தச் சந்தோஷத்தில் அவள் இரண்டு மணி நேரமும் சிரித்துக்கொண்டே வந்தாள். நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே வந்தேன். மேற்கொண்டு சொல்ல எதுவும் இல்லை.

வெளியூர் போகிறவர்கள் ஒரு விஷயத்தில் ஏமாறுகிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் மெட்ரோவில் எதிரே ஒரு குடும்பம், மஸ்கட்டிலிருந்து வந்தவர்கள். கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகள், மேலே மார்க்கரில் பெயரும் ஊரும். ஊர் விருத்தாசலம் பக்கம். கோயம்பேட்டில் பஸ் பிடிக்கப் போவதாகச் சொன்னார்கள். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் திறந்து, தெற்கே போகும் வெளியூர் பஸ்களை அங்கே மாற்றிவிட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. கிளாம்பாக்கம் விமான நிலையத்துக்குத் தெற்கே. ரயிலோ ஊருக்குள், வடக்கே போய்க்கொண்டிருந்தது. ஓடிஏ-நங்கநல்லூர் சாலை நிலையத்தில் நானும் இறங்கி, பெட்டிகளைத் தூக்க உதவி, எதிர்ப்பக்க ரயிலில் ஏற்றிவிட்டேன். பெரியவர் என் கையில் ஒரு பேரீச்சம்பழப் பொட்டலத்தைத் திணித்தார். அன்றைய கணக்கில் பதினைந்து நிமிடம் கூடுதல், ஒரு பொட்டலம் வரவு. மெட்ரோ விமான நிலையத்தோடு முடிகிறது, கிளாம்பாக்கத்துக்கு அங்கிருந்து வேறு வண்டி பிடிக்க வேண்டும். காட்பாடி, கோவைப் பக்கம் ரயிலில் போகிறவர்களுக்கு மட்டும் மெட்ரோ அருமையான ஏற்பாடு. சென்ட்ரல் மெட்ரோவிலிருந்து ரயில் நிலையத்துக்குத் தரைக்கடியிலேயே போய்விடலாம். எழும்பூர் என்றால் பச்சைத் தடம் என்கிற மெட்ரோவின் இன்னொரு பாதைக்கு மாற வேண்டும், ஆலந்தூரில் மாறுவதைவிட சென்ட்ரலில் மாறினால் எனக்குச் சீக்கிரம் வந்தது.

என்னைக் கேட்டால், காலை ஆறிலிருந்து இரவு பத்தரைக்குள் பெல்ட்டை விட்டு நகர முடிந்து, பெட்டி ஒன்றே ஒன்றாக இருந்து, வீடு அண்ணா சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தால் மெட்ரோவுக்கு ஐந்துக்கு நாலரை. அரை மார்க் சாமான் வைக்க இடம் இல்லாததற்கு. பெட்டி மூன்றானால், கூட வருபவருக்கு எழுபது வயதானால், பிரீபெய்ட். நள்ளிரவானால் ஆப், கையில் ரொக்கத்தோடு. வேளச்சேரிக்கும் பெருங்குடிக்கும் போகிறவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை, அந்தப் பக்கம் எனக்குச் சொந்தக்காரர்கள் கிடையாது.

போன பொங்கலுக்கு மாமா கோவையிலிருந்து விமானத்தில் வந்தார், நேராக எங்கள் வீட்டுக்கு. மத்தியானம் இரண்டரை மணிக்கு எனக்கு போன். "அரசினர் தோட்டத்துல நிக்கிறேன். எந்தப் பக்கம்டா ஏறணும்?" நான் வாயடைத்துப் போனேன். ஓமந்தூரார் பக்கம் என்று சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டார். அப்புறம் அரை மணி நேரம் ஆள் இல்லை. சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் ஏறி, அங்கே ஒரு ஆட்டோக்காரரோடு சண்டை போட்டு, நடந்து, வியர்வையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தார்.

"ஒண்ணே முக்கா மணி நேரம். சொன்னேன்ல? டாக்ஸிதாண்டா" என்றார். "எழுதிக்கோ ஒன் கணக்குல."

கையில் ஒரு ஜோல்னாப் பைதான் இருந்தது. பெல்ட்டில் பெட்டியே போடாதவர் வரவை எப்படிச் சேர்ப்பது, கணக்கு பெட்டி எடுக்கிற நிமிடத்திலிருந்துதானே ஆரம்பம் என்று கேட்டேன். இன்னும் 31-தான்.